நினைவு மாளிகை

கையில் குறிப்பு இல்லாமல் நெடுநேரம் பேசுவதற்காகப் பண்டைய கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் கையாண்ட நினைவு முறை. நன்கு பழகிய ஒரு வீட்டையோ தெருவையோ பேச்சாளர் மனத்தில் நிறுத்திக்கொள்வார். பேச வேண்டிய ஒவ்வொரு கருத்தையும் ஓர் உருவமாக்கி வாசல், கூடம், தூண் என்று வரிசையாக வைப்பார். மேடை ஏறியதும் அதே வழியில் மனத்துக்குள் நடந்தால், வைத்தவை வைத்த வரிசையில் எதிர்ப்படும். இன்று இம்முறை பெரும்பாலும் சீட்டுக்கட்டை மனப்பாடம் செய்யும் போட்டிகளின் வழியே அறியப்படுகிறது. ஆனால் இது வளர்ந்த இடம் ரோமின் நீதிமன்றமும் ஆட்சி மன்றமும்.

இதைக் கண்டறிந்தவர் கியோஸ் தீவின் கவிஞர் சிமோனிடிஸ் (கி.மு. 6-5ஆம் நூற்றாண்டு) என்பது மரபு. தெஸ்ஸலியில் ஸ்கோபாஸ் என்ற செல்வர் அளித்த விருந்தின் நடுவே யாரோ அழைப்பதாகச் சொல்ல, சிமோனிடிஸ் வெளியே போனார். அந்நேரம் கூரை இடிந்து விழுந்தது. உள்ளே நசுங்கிக் கிடந்தவர்களை உறவினர்களாலும் அடையாளம் காண முடியவில்லை. யார் எந்த இடத்தில் அமர்ந்திருந்தார் என்பது சிமோனிடிஸுக்கு நினைவிருந்ததால், ஒவ்வோர் உடலும் உரியவர்களிடம் சேர்ந்தது. ரோமானியப் பேச்சாளர் சிசரோ கி.மு. 55இல் எழுதிய ‘பேச்சாளரைப் பற்றி’ என்ற நூலில் இதைச் சொல்கிறார். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து எழுதிய ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குவிண்டிலியன், விருந்து நடந்த ஊரைப் பற்றிக்கூட நூலாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை என்று காட்டி, கதையின் பகுதிகளை ஐயுறுகிறார். கதை உண்மையோ இல்லையோ, வரிசையும் இடமும் நினைவைத் தாங்கும் என்ற கருத்து அதில் தெளிவாக இருக்கிறது.

இம்முறையை விரிவாக விளக்கும் நூல்களில் நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையது, கி.மு. 80களில் லத்தீனில் எழுதப்பட்ட ‘ஹெரன்னியஸுக்கு’ என்னும் பேச்சுக்கலை நூல். ஆசிரியர் பெயர் தெரியாததால் பல நூற்றாண்டுகள் சிசரோவின் பெயரில் வழங்கியது. கருத்தைத் தேடுதல், வரிசைப்படுத்தல், நடை, நினைவு, நிகழ்த்தல் எனப் பேச்சுக்கலைக்கு ஐந்து உறுப்புகள் உண்டு. நினைவுக்கான பகுதி மூன்றாம் புத்தகத்தில் வருகிறது. விதிகள் ஒரு பயிற்சி ஆசிரியருக்குரிய நுணுக்கத்தோடு அமைந்தவை. ஆள் நடமாட்டம் உள்ள இடம் வேண்டாம், கூட்டம் உருவங்களின் பதிவைக் கலைத்துவிடும். ஒரே மாதிரியான தூண் இடைவெளிகளை அடுத்தடுத்து எடுத்தால் குழப்பம் வரும். வெளிச்சம் கூசவும் கூடாது, இருளவும் கூடாது. இடத்துக்கு இடம் ஏறத்தாழ முப்பது அடி இருக்கலாம். ஐந்தாவது இடத்தில் ஒரு பொற்கையை வைத்து அடையாளப்படுத்திக்கொண்டால் எண்ணிக்கை தவறாது.

உருவம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அந்நூல் ஒரு கொலை வழக்கைக் காட்டுகிறது. சொத்துக்காக ஒருவரை நஞ்சிட்டுக் கொன்றதாகக் குற்றச்சாட்டு, சாட்சிகள் பலர். வழக்கறிஞர் மனத்தில் வரைய வேண்டிய காட்சி இது: நோயாளி படுக்கையில் கிடக்கிறார். அருகே நிற்கும் குற்றம் சாட்டப்பட்டவரின் வலக்கையில் கிண்ணம், இடக்கையில் எழுதுபலகை, விரலில் ஆட்டுக்கிடாயின் விதைகள். கிண்ணம் நஞ்சுக்கு, பலகை உயிலுக்கு. விதைகள், லத்தீன் சொல்லின் ஒலி ஒற்றுமையால், சாட்சிகளுக்கு. வழக்கு முழுவதும் ஒரே காட்சியில் அடங்கிவிடுகிறது. அன்றாடக் காட்சிகள் மறந்துபோகும், விகாரமும் வியப்பும் தங்கும் என்பதே இதன் அடிப்படை. ஆயத்த உருவப் பட்டியல்களை ஆசிரியர் ஏற்கவில்லை. அவரவர் உருவத்தை அவரவரே படைக்க வேண்டும் என்கிறார்.

நினைவு தவறினால் ரோமில் என்ன ஆகும் என்பதை சிசரோ கி.மு. 46இல் எழுதிய ‘புரூட்டஸ்’ நூலில் காணலாம். கியூரியோ என்ற பேச்சாளர் மூன்று செய்திகள் சொல்லப்போவதாக அறிவித்துவிட்டு நான்காவதைச் சேர்ப்பார், அல்லது மூன்றாவதைத் தேடிக்கொண்டு நிற்பார். தித்தீனியா என்ற பெண்ணுக்காக சிசரோ வாதாடிய பெரிய வழக்கொன்றில், எதிர்த்தரப்பில் பேச எழுந்த அதே கியூரியோவுக்கு வழக்கு முழுவதுமே மறந்துபோனது. தித்தீனியா தமக்குச் சூனியம் வைத்துவிட்டதாக அவர் மன்றத்தில் முறையிட்டார்.

ஆனால் இம்முறையைப் பற்றிய மிகக் கூர்மையான மதிப்பீடு கி.பி. 95 அளவில் எழுதிய குவிண்டிலியனுடையது. பொருள்களின் பட்டியலுக்கு இது உதவும், தொடர்ந்து ஓடும் பேச்சுக்கு எப்படி உதவும் என்று கேட்கிறார். இணைப்புச் சொல்லுக்கு எந்த உருவத்தை வைப்பது? அவர் தரும் வழி எளியது. பேச்சைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள். எழுதிய அதே மெழுகுப் பலகையிலிருந்து படி. வாய்க்குள் முணுமுணுத்துப் பழகு. ஓர் இரவு கழியவிடு. சொல்லுக்குச் சொல் மனத்தில் ஏற்ற நேரமோ ஆற்றலோ இல்லாதவர் பொருளை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, சொற்களை மேடையில் தேர்ந்துகொள்ளலாம். பேச்சாளருக்கு உரியது பொருளின் நினைவுதான் என்று சிசரோவும் முன்பே எழுதியிருந்தார். பின்னாளில் இம்முறையை மந்திரம்போலப் பரப்பியவர்கள் இதைக் கவனித்திருக்கலாம்.

இடைக்காலத்தில் இக்கலை துறவிகள் கைக்கு வந்தது. இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் நினைவை விவேகம் என்னும் அறத்தின் ஓர் உறுப்பாக்கினார். 1582இல் பாரிசில் இத்தாலியத் தத்துவ அறிஞர் ஜோர்டானோ புரூனோ வெளியிட்ட நூலில் இக்கலை பேரண்டத்தையே மனத்துக்குள் அடக்கும் மறைஞானமாகிவிட்டது. அதே நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ராமுஸ், ஒழுங்காக அடுக்கிய பேச்சு தானாகவே நினைவில் நிற்கும் என்று கருதி, பேச்சுக்கலையிலிருந்து நினைவை நீக்கினார். 1596இல் சீனாவின் நான்சாங்கில் இயேசு சபைப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி, ஆளுநரின் பிள்ளைகள் அரசுத் தேர்வுக்குப் படிக்க உதவும் என்று சீன மொழியில் நினைவு நூல் எழுதிக் கொடுத்தார். விதிகள் சரிதான், ஆனால் அவற்றைப் பயன்படுத்தவே அபார நினைவாற்றல் வேண்டும் என்பது மூத்த மகனின் கருத்து.

அச்சு பரவிய பின்னும் மேடைப் பேச்சாளருக்குத் தேவை தீரவில்லை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் முதலில் வாக்கியங்களின் தொடக்கங்களைத் தாளில் எழுதிப் பார்த்தார். பிறகு நகங்களில் எழுத்துகளை மையால் குறித்துக்கொண்டார். எந்த விரலோடு நிறுத்தினோம் என்பது மறந்தது. விரலையே பார்ப்பதைக் கண்ட கூட்டத்துக்கும் சந்தேகம் வந்தது. கடைசியில் படம் வரைந்தார்: வைக்கோல் போர், காற்றைக் காட்டும் சாய்கோடுகள், மின்னல். வரைந்த படங்களைத் தூக்கிப் போட்ட பிறகும் அவை கண்ணுக்குள் நின்றன.

1966இல் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் பிரான்சிஸ் யேட்ஸின் ‘நினைவுக் கலை’ நூல் வெளிவந்ததும் இவ்வரலாறு மீண்டும் பேசப்பட்டது. உலக நினைவுப் போட்டி 1991இல் லண்டனில் தொடங்கியது. 2017இல் நரம்பியல் ஆய்வாளர் மார்ட்டின் டிரெஸ்லர் குழு வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு அரை மணி நேரமாக ஆறு வாரம் இம்முறையைப் பழகியவர்கள், 72 சொற்களில் சராசரியாக 26ஐ மட்டும் நினைவுகூர்ந்த நிலையிலிருந்து 62ஐ எட்டினர். நான்கு மாதங்களுக்குப் பிறகும் பயன் பெருமளவு நீடித்தது. ஆனால் அங்கே கேட்கப்பட்டவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொற்கள். இணைப்புச் சொற்களோடு ஓடும் முழுப் பேச்சைப் பற்றிக் குவிண்டிலியன் எழுப்பிய கேள்வியை அந்த ஆய்வு சோதிக்கவில்லை.