மணி கோத்த மரபு

கல்யாண் என்றதும் நம் காதில் ஒலிப்பது இரயிலின் ஓசையே. 1854-ஆம் ஆண்டில் தாணாவிலிருந்து இருப்புப் பாதை இவ்வூரை வந்தடைந்தது. அப்பாதை வழியே பிழைப்பு நாடி வந்தவர்களின் வழித்தோன்றல்களே நம்மிற் பலர். ஆயினும், இரயில் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வூர் உலகறிந்த துறைமுகமாய் விளங்கிற்று. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'எரித்திரியக் கடற் பயணம்' என்னும் நூல் இதனைக் 'கல்லியேனா' எனக் குறிக்கின்றது. அதே நூல் கீழைக் கடற்கரையில் 'பொதுகே' என்றொரு துறையையும் கூறுகின்றது. அதுவே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்பர் அறிஞர். நாம் குடிபுகுந்த ஊரும் நம் முன்னோர் மணி செய்த ஊரும் ஒரே நூலில் இடம்பெற்றிருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ?

இவ்வாராய்ச்சியில் நாம் இறங்கியதற்குக் காரணம் மிகச் சிறியது. ஆண்டு விழா நடனத்திற்காகக் கடையில் வாங்கிய மாலைகள் ஒத்திகையின்போதே அறுந்து சிதறின. குழந்தைகள் கண் கலங்கினர். அப்போது நம் காலனியிலுள்ள மூதாட்டி ஒருவர், பரண்மேல் கிடந்த பழைய தகர டப்பாவை இறக்கச் செய்தார். அதனுள் பச்சையும் சிவப்பும் கருப்புமாய்ப் பாசிமணிகள்! ஒரு காலத்தில் வாயில் தோரணமும் கைப்பையும் மணியாலேயே பின்னிய கைகள் அவருடையவை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவரைச் சுற்றி அமர்ந்து மணி கோத்தோம். ஊசி முனையில் மணி ஏறும் அந்த நொடியின் இன்பத்தை எத்தனை ஆண்டுகளாய் மறந்திருந்தோம் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

இனி வரலாற்றிற்கு வருவோம். 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் ஆராய்ந்தனர். ரோமானிய மட்கலங்களோடு எண்ணற்ற கண்ணாடி மணிகளும் அங்கே கிடைத்தன. உருகிய கண்ணாடியை நீண்ட மெல்லிய குழலாக இழுத்து, அதனைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்துச் சூடேற்றிக் கிளறி, கூரிய விளிம்புகளை மழுங்கச் செய்வதே அம்முறை. துளையிட வேண்டிய தொல்லையே இல்லை. குழலின் உட்புழையே மணியின் துளை! இவ்வகை மணிகள் பின்னர் இலங்கையின் மாந்தையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் செய்யப்பெற்றன. தென் ஆப்பிரிக்கா முதல் கொரியா வரை அவை கிடைத்துள்ளன. ஆதலின் ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றை 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று அழைத்தார். திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டை, இம்முறை நம் காலம் வரை தொடர்ந்து வந்த ஊராகும்.

கல்மணிக்குப் பெயர் பெற்றது நொய்யற்கரைக் கொடுமணல். பதிற்றுப்பத்துப் போற்றும் கொடுமணம் இதுவே என்பர். அருகிலுள்ள படியூரில் பச்சைநிற பெரில் கல் கிடைத்தது. ஆனால் கொடுமணல் ஈமக்குழிகளில் கிடைத்த சூதுபவள மணிகளுக்கு உரிய கல் குஜராத்துப் பகுதியிலிருந்து சென்றிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். மேற்கே பிறந்த கல், கொங்கு நாட்டுக் கைகளில் அணியாயிற்று!

கல் மட்டுமோ, மக்களும் அவ்வாறே சென்றனர். தமிழ்நாட்டுத் திருவிழாக்களிலும் பேருந்து நிலையங்களிலும் பாசிமணி, ஊசிமணி விற்கும் நரிக்குறவரை நாம் அறிவோம். அவர்கள் பேசும் வாக்ரிபோலி, குஜராத்தி, மராத்தி ஆகியவற்றோடு உறவுடைய மொழி. அவர்தம் முன்னோர் மேற்கிலிருந்து தமிழகம் புகுந்தனர். நாமோ தமிழகத்திலிருந்து மேற்கே வந்தோம். ஊர் விட்டு ஊர் வந்தவன் படும் ஏளனத்தை நாமும் இங்கே சுவைத்திருக்கிறோம். அவ்வாறிருக்க, ஊருக்குச் செல்லும்போது அவர்களிடம் மணி வாங்கி, அவர்களையே விலகி நிற்கச் சொன்னது எவ்வகை நியாயம்? பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2022-இல்தான் நிறைவேற்றிற்று. சட்டம் தந்த மதிப்பை நம் நாவும் தரவேண்டும்.

அண்டை வீட்டு மராத்தியச் சகோதரியின் கழுத்தில் மங்கலசூத்திரத்தின் கருமணி. நம் இல்லங்கள் பலவற்றில் தாலியோடு கோத்த கருகமணி. பாஷை வேறாயினும் மணி ஒன்றே.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம், சிறுமியரும் சிறுவரும் மூத்தோரிடம் அமர்ந்து மணி கோக்கட்டும். வேண்டும் மணிகளை ஊருக்குச் செல்வோர் நரிக்குறவரிடமே, பேரம் பேசாது, "அம்மா", "ஐயா" என்றழைத்து வாங்கி வரட்டும். இவ்வாண்டு மேடையேறும் குழந்தைகளின் கழுத்தில் ஒளிர்பவை நாங்களே கோத்த மாலைகள். அவை அறுந்தாலும் கவலையில்லை. மீண்டும் கோக்கக் கற்றுக்கொண்டோம்.