வண்டலூரிலிருந்து வரப்போகும் கார்

1980களின் தொடக்கத்தில் மந்தைவெளியில் நாலு பேர் சேர்ந்து நின்றால் பேச்சு இரண்டு விஷயங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் லாரி எப்போது வரும்? வண்டலூரிலிருந்து கார் எப்போது வரும்? முதல் கேள்வி ஊருக்கே பொது. இரண்டாவது, கார் பைத்தியம் பிடித்த ஒரு சின்னக் கூட்டத்துக்கு மட்டும். அவர்களில் பாதிப் பேரிடம் கார் கிடையாது. ஓரமாக நின்று கேட்ட எனக்கும் சைக்கிள்தான். ஆனால் அடுத்து வரப்போகும் கார் எது, அதற்கு எத்தனை கதவு, விளக்கு வட்டமா சதுரமா என்று அவர்கள் மணிக்கணக்கில் வாதம் செய்வார்கள். கேட்கக் கச்சேரி மாதிரி இருக்கும்.

இந்தத் தீவிரம் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. இன்று மாதம் ஒரு புது மாடல் வருகிறது. அன்று நாட்டுக்கே மூன்று கார்கள்தான். கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட். ஒரு கம்பெனி என்ன கார் செய்யலாம், வருஷத்துக்கு எத்தனை செய்யலாம் என்பதை டில்லிதான் தீர்மானித்தது. கொஞ்ச காலம் விலையைக்கூட அரசே கட்டுப்படுத்தியது. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் கிடைக்காத பொருளைப் பற்றிப் பேசிப் பேசியே வயிறு நிறைந்த காலம் அது.

மெட்ராஸின் கார் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1949-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ-40 காரைப் பூட்டத் தொடங்கியது. அதுதான் பிறகு அசோக் லேலண்டாகி லாரி, பஸ் என்று போய்விட்டது. கார் என்று கடைசிவரை நமக்கு இருந்தது வண்டலூர்தான். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் இங்கிருந்த யூனியன் கம்பெனியும் சேர்ந்து உண்டாக்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ், முதலில் வேன்கார்டு என்ற பெரிய காரைச் செய்தது. பிறகு ஸ்டாண்டர்ட் 10. பிறகு 1961-ல் ஹெரால்டு.

ஹெரால்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எங்கள் வயதுக்காரர்களுக்குக் குரலே மாறிவிடும். இத்தாலிக்காரர் ஜோவான்னி மிக்கெலோட்டி வரைந்த உருவம். முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முதலை வாய் போல முன்னால் திறந்துகொள்ளும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 948 சிசி இன்ஜின்தான். ஆனால் குறுகலான தெருவில் ஒரே வெட்டில் திரும்பிவிடும். அம்பாசிடர் இரண்டு தரம் ரிவர்ஸ் எடுக்க வேண்டிய மயிலாப்பூர் சந்துகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. சோழவரம் ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டுகள் சீறிக்கொண்டு போகும். பின் அச்சு விஷயத்தில் அது பலவீனமான வண்டி என்பதும் எல்லோருக்கும் தெரியும். வீட்டுப் பிள்ளையின் குறையைப் பேசுவது போலத்தான் அதையும் பேசுவார்கள்.

ஹெரால்டு 1971-ல் நின்றது. அதன் வாரிசாக வந்த கெஸல் நாலு கதவு வண்டி. பின் அச்சைச் சரிசெய்திருந்தார்கள். ஆனால் வந்த நேரம் சரியில்லை. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியதும் நாடு முழுக்கக் கார் விற்பனை படுத்துவிட்டது. 1977-ல் கெஸலும் நின்றது. அதன்பின் வண்டலூரிலிருந்து வெளியே வந்தது ஸ்டாண்டர்ட் 20 என்ற வேன் மட்டும். ஆம்புலன்ஸாகவும் பள்ளிக்கூட வண்டியாகவும் சரக்கு வண்டியாகவும் அதை ஊரெல்லாம் பார்க்கலாம். மெட்ராஸுக்கென்று ஒரு கார் இல்லாமல் போயிற்று.

அந்த வெற்றிடத்தில்தான் ஊகங்கள் முளைத்தன.

ஊகத்துக்கு உரம் வேண்டுமே? மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் இங்கிலாந்துக் கார்ப் பத்திரிகைகள் கிடைக்கும். தேதி பார்த்தால் ஒன்றிரண்டு வருஷம் பழையதாக இருக்கும். நமக்கு அதுவே சுடச்சுடச் செய்தி. மவுண்ட் ரோடு பிரிட்டிஷ் கவுன்சில் நூலகம் இன்னொரு சுரங்கம். ஆர்.கே. மடம் ரோடு பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. பத்திரிகைகள் கடைசியில் அங்கே வந்து சேரும், படங்களில் கிரீஸ் கைரேகையோடு.

ஊகக்காரர்களின் தர்க்கம் சுத்தமாக இருக்கும். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனி டிரயம்ஃபை வாங்கியது. லேலண்ட் அவர்களை வாங்கியது. 1968-ல் எல்லாம் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆனபோது ரோவரும் அதே கூரைக்குள் வந்துவிட்டது. அப்படியானால் வண்டலூருக்கு வரும் அடுத்த கார் அந்தக் கூரையிலிருந்துதானே வர வேண்டும்? ஒருவர் டிரயம்ஃப் டொலொமைட் என்பார். இன்னொருவர் சின்ன வண்டியான மெட்ரோ என்பார். மாருதி அப்போதுதான் கூட்டாளி தேடிக்கொண்டிருந்தது. ஃபோக்ஸ்வாகன், ரெனோ, நிஸ்ஸான் என்று அதற்கும் தினம் ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். 1982 அக்டோபரில் சுஸுகியுடன் ஒப்பந்தம் என்றதும், மோட்டார் சைக்கிள்காரனா கார் செய்வான் என்று ஷெட்டில் ஒரே சிரிப்பு.

பிறகு ஒருநாள் ரோவர் என்ற பெயர் உறுதியாக அடிபட ஆரம்பித்தது. எஸ்டி-1 என்ற மாடல். 1976-ல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசை வாங்கிய வண்டி. டேவிட் பாச்சி என்பவர் ஃபெராரி டேட்டோனாவை மனதில் வைத்து வரைந்த உருவம். பின்னால் சரிந்து இறங்கும் கூரை, ஐந்தாவது கதவு, எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் இன்ஜின். பிரிட்டிஷ் போலீஸ் துரத்தலுக்கு வைத்திருந்த கார். அது வண்டலூருக்கு வரப்போகிறது! அன்று எங்கள் கூட்டத்தில் ஏற்பட்ட பரவசத்தை 1983 ஜூனில் கபில் தேவ் கோப்பையைத் தூக்கியபோதுதான் மறுபடி பார்த்தேன்.

விளக்கு எப்படி, டாஷ்போர்டு எப்படி, ஸ்டியரிங்கில் எத்தனை ஆரம் என்று அவர்கள் பேசாத விஷயமில்லை. ஜிஎஸ்டி ரோட்டில் தாம்பரம் தாண்டி மூடிய வண்டி ஒன்றைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். நிறம் என்ன என்று கேட்டு அவரை இரண்டு நாள் விடவில்லை. ஷெட்காரர் மட்டும் ஒரே கேள்வி கேட்டார்: “எல்லாம் சரி சார், இன்ஜின் யாருது?”

யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. படத்தில் இருந்த காரில் எட்டு சிலிண்டர் இருந்தது. வேறு என்ன வரும்?

1985-ல் வண்டி வந்தது. பெயர் ஸ்டாண்டர்ட் 2000. அதே ஆண்டு ஜூலையில்தான் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் திறந்தார்கள். இரண்டையும் வேடிக்கை பார்க்க ஜனம் போயிற்று. உருவம் ஊகக்காரர்கள் சொன்னது சொன்னபடி இருந்தது. அதே சரிந்த கூரை, அதே ஐந்தாவது கதவு. விலை மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல். பானெட்டைத் திறந்தால்தான் விஷயம் வெளியே வந்தது. உள்ளே இருந்தது நாலு சிலிண்டர், 1991 சிசி இன்ஜின். அதன் பூர்வீகம் 1940களின் கடைசியில் வந்த வேன்கார்டு! அதையே மாற்றி மாற்றி ஸ்டாண்டர்ட் 20 வேன் வரை கொண்டுவந்திருந்தார்கள். ஷெட்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: “இது நம்ம வேன் சார். பட்டு வேட்டி கட்டிட்டு வந்திருக்கு.”

ஏன் அப்படிச் செய்தார்கள் என்று அன்று கோபப்பட்டவர்கள் பலர். பின்னாளில் யோசித்தால் அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அன்னியச் செலாவணி தங்கத்தைவிட அரிது. வெளிநாட்டு இன்ஜினைக் கொண்டுவர வேண்டுமானால் டாலர் வேண்டும், அனுமதி வேண்டும், சுங்கவரி கட்ட வேண்டும். உள்ளூர்ப் பொருளின் பங்கு இவ்வளவு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. கையில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் பழையது, ஆனால் நம்முடையது. வண்டலூர் மட்டும் இப்படிச் செய்யவில்லை. 1984-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த காண்டெஸா, உருவத்தில் இங்கிலாந்தின் வாக்ஸால். முதலில் அதற்குள் இருந்தது அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜின்தான்.

எங்கள் ஊகக்காரர்கள் இங்கிலாந்துப் பத்திரிகையைப் படித்தார்கள். அந்தக் காரோ டில்லியின் ஃபைலில் உருவானது. எந்தக் கார் என்பதைப் பத்திரிகை சொல்லும். அதில் எவ்வளவு நம் ஊர் வந்து சேரும் என்பதை லைசென்ஸ்தான் சொல்லும். அந்த ஃபைலை யாரும் படிக்க முடியாது. ஷெட்காரரும் படித்ததில்லை. ஆனால் அவர் தினமும் ஸ்டாண்டர்ட் 20 வேனில் கை வைத்தவர். ஒரு ஆலை எதைச் செய்யப் பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்குள் மாருதி வந்துவிட்டது. 1983 டிசம்பர் 14-ல் முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். மூன்று சிலிண்டர், 796 சிசி. மோட்டார் சைக்கிள்காரனின் கார் என்று சிரித்த அதே ஷெட்டின் வாசலில் சீக்கிரமே மாருதிகள் நின்றன. அம்பாசிடரைவிடச் சின்னது, லேசானது, பெட்ரோல் கொஞ்சம்தான் குடித்தது. உருவத்தில் பெருமை பேச ஒன்றுமில்லை. உள்ளே இருந்தது புது இன்ஜின். ஸ்டாண்டர்ட் 2000 கனமான உடம்பைப் பழைய இன்ஜினால் இழுத்தது. பெட்ரோலைத் தாராளமாகக் குடித்தது. அதன் விலைக்கு மாருதிகளாகவே சிலவற்றை வாங்கிவிடலாம். 1988-ல் உற்பத்தி நின்றது. வண்டலூரில் அதன்பின் கார் வரவில்லை.

ஊகம் தப்பினால் பேசினவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அடுத்த ஊகத்துக்குப் போவான். எங்கள் கூட்டமும் அடுத்து பிரீமியர் 118 என்இ பக்கம் திரும்பியது. ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு அப்படி இல்லை. ஹெரால்டைப் பூட்டிய கைகள் அங்கே இருந்தன. தாம்பரம், பெருங்களத்தூர் பக்கத்துக் குடும்பங்கள் அந்தக் கம்பெனிச் சம்பளத்தை நம்பி இருந்தன. நாங்கள் டாஷ்போர்டைப் பற்றி வாதம் செய்த அதே காரை அவர்கள் வேறு மாதிரி எதிர்பார்த்திருப்பார்கள். இந்த வண்டி ஓடினால் வீடு ஓடும். அவர்கள் குரல் எங்கள் ஷெட்டு வரை வந்ததே இல்லை என்பது இப்போது நினைத்தால் உறுத்துகிறது.

முன்யோசனை இல்லாத வண்டி என்று ஸ்டாண்டர்ட் 2000-ஐ இன்று சிரிப்பது சுலபம். நான் சிரிக்கமாட்டேன். எட்டு வருஷம் கார் செய்யாத ஒரு ஆலை, இருந்ததை வைத்துக்கொண்டு மறுபடி எழுந்து நிற்கப் பார்த்தது. பத்து வருஷம் தள்ளி, 1990களின் தாராளமயத்தில் வந்திருந்தால் அந்த உடம்புக்கேற்ற இன்ஜினும் வந்திருக்கலாம். அதற்குள் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஃபோர்டு மறைமலைநகருக்கும் வந்துவிட்டன. 1998-ல் சான்ட்ரோ வந்தபோது மெட்ராஸ் மறுபடி கார் செய்யும் ஊர் ஆயிற்று, பெயர் மட்டும் சென்னை என்று மாறியிருந்தது.

கதைக்கு ஒரு வால் உண்டு. ஆலை மூடியபிறகும் ரோவர் உதிரிபாகங்கள் நிறையக் கிடங்கில் தங்கிவிட்டன. 2006-ல் சொத்துக்கள் விற்பனைக்கு வந்தபோது, பழைய கார்களுக்கு உதிரிபாகம் விற்கும் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று அவற்றை வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டு போயிற்று. எஸ்டி-1 காரைப் போற்றி வைத்திருக்கும் அங்குள்ள ரசிகர்களுக்கு வண்டலூர்ச் சரக்கு கொண்டாட்டமாகிவிட்டது. மெட்ராஸ் எதிர்பார்த்த ரோவர் முழுதாக வந்து சேரவில்லை. வந்ததில் ஓடாமல் மிஞ்சியது பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டது.

வண்டலூர் ஆலையில் வேலை பார்த்தவர்களோ அவர்கள் வீட்டாரோ இதைப் படித்தால், அந்த 1985-ஐ அவர்கள் பக்கத்திலிருந்து எழுதுங்கள். எங்கள் பக்கத்துக் கதை இவ்வளவுதான். பாதிக் கதை உங்களிடம் இருக்கிறது.