மழலையர் கல்வியில் விளையாட்டும் உடலியக்கமும்: ஆய்வு வரலாறு

பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகள் எப்படி விளையாடுகிறார்கள், எவ்வளவு ஓடியாடுகிறார்கள், அது அவர்களுடைய உடலையும் அறிவையும் எப்படி வளர்க்கிறது என்பதை ஆராயும் துறை இது. கல்வியியல், உளவியல், மருத்துவம், உடற்கல்வி ஆகிய நான்குக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் நெடுங்காலம் விளையாட்டை உளவியலாரும் உடலியக்கத்தை மருத்துவ ஆய்வாளரும் தனித்தனியே பார்த்துவந்தனர். ஒரு குழந்தை ஒரே நேரத்தில் செய்யும் ஒரே காரியத்தை இப்படிக் கூறுபோட்டதே இத்துறையின் பெரிய குறை. அது இன்னும் முழுதாகத் தீர்ந்தபாடில்லை.

ஜெர்மனியில் ஃபிரெடரிக் ஃபுரோபெல் 1837இல் பாட் பிளாங்கன்பர்க் ஊரில் தொடங்கிய நிலையத்துக்கு 1840இல் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். கம்பளி நூல் பந்து, மர உருண்டை, உருளை, கனசதுரம் ஆகியவற்றோடு வட்டமாக நின்று ஆடும் ஆட்டங்களும் அவருடைய பாடத்திட்டத்தில் இருந்தன. பிரஷ்ய அரசு 1851இல் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. தடை 1860இல்தான் நீங்கியது. லண்டன் டெப்ட்ஃபோர்டில் மக்மில்லன் சகோதரிகள் 1914இல் நடத்திய திறந்தவெளி மழலையர் பள்ளி, ஏழைக் குழந்தைகளின் உடல்நலத்தை முதற்கவலையாகக் கொண்டது.

மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுவது, நாற்காலியைச் சத்தமின்றித் தூக்கிவைப்பது என்று கைகால் அசைவின் வழியாகவே அறிவு வளர்கிறது என்பது அவர் கொள்கை. ஆனால் பாவனை விளையாட்டுக்கு அவர் அதிக இடம் தரவில்லை. அசைவை ஏற்றுக் கற்பனையை ஒதுக்கிய இந்த நிலைப்பாடு பின்னாளில் நிறைய விவாதத்தைக் கிளப்பியது. 1939இல் சென்னை அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்த அவருக்கு, உலகப் போரால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அடையாற்றிலும் கொடைக்கானலிலும் அவர் பணியாற்றிய அந்த ஆண்டுகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வழியாக அவர் முறை இந்தியாவெங்கும் பரவியது.

விளையாட்டைக் கணக்கெடுத்துப் பார்க்கும் முறையை நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மில்ட்ரெட் பார்ட்டன். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்வு 1932இல் கட்டுரையாக வெளிவந்தது. ஒரு குழந்தையை ஒரு நிமிடம் கவனிப்பார். அது என்ன செய்கிறது என்று குறித்துக்கொள்வார். அடுத்த குழந்தைக்குப் போவார். இப்படிச் சேர்ந்த குறிப்புகளிலிருந்து ஆறு வகைகளைப் பிரித்தார்: எதிலும் ஈடுபடாதிருத்தல், தனியே ஆடுதல், பிறர் ஆடுவதைப் பார்த்திருத்தல், பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு ஆடுதல், கலந்து ஆடுதல், கூட்டாக ஆடுதல். இவற்றைப் பலர் வயதுக்கேற்ற படிகளாக எடுத்துக்கொண்டனர். 1980இல் பேக்மன், பிரவுன்லி இருவரும் அதை மறுஆய்வு செய்தனர். பக்கத்தில் உட்கார்ந்து ஆடும் குழந்தை பல வேளைகளில் சற்று நேரத்தில் கூட்டத்தோடு சேர்ந்துவிடுகிறது. ஆகவே அது முதிராமையின் அடையாளம் அல்ல, உள்ளே நுழைய ஒரு வழி என்று அவர்கள் காட்டினர். தனியே ஒதுங்கி மணலைக் கிளறும் குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கூட்டத்தில் விடும் ஆசிரியர்களுக்கு இந்த ஆய்வு மிகவும் தேவை.

ரஷ்யாவில் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் ஆற்றிய உரை, குச்சியைக் குதிரையாக்கும் குழந்தை பொருளிலிருந்து பொருளுணர்வைப் பிரித்தெடுக்கக் கற்கிறது என்று விளக்கியது. அது ரஷ்ய மொழியில் அச்சேறவே 1966 ஆயிற்று. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே 1945இல் வெளியிட்ட நூலும் இதே குறியீட்டுத் திறனை வேறு வழியில் ஆராய்ந்தது. இருவர் எழுத்திலும் மூச்சு வாங்க ஓடும் குழந்தையை அதிகம் காண முடியாது.

அந்தக் குழந்தையை அளந்தவர்கள் மருத்துவம், உடற்கல்வித் துறையினர். தீப்பெட்டி அளவுள்ள முடுக்கமானியை இடுப்புப் பட்டையில் கட்டிவிட்டால், அது அசைவைப் பதிவு செய்யும். சிறு குழந்தைகள் சில வினாடி ஓடுவார்கள், நிற்பார்கள், மறுபடி ஓடுவார்கள். நிமிடக் கணக்கில் பதிந்தால் அந்தச் சிறு ஓட்டங்கள் கணக்கில் கரைந்துவிடும் என்பதால் 15 வினாடிக்கு ஒருமுறை பதிவு செய்யும் வழக்கம் வந்தது. தென் கரோலினாவில் ரஸ்ஸல் பேட் குழுவினர் 9 மழலையர் பள்ளிகளைச் சேர்ந்த 281 குழந்தைகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவு முக்கியமானது. குழந்தை எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பதைப் பொறுத்தே அதன் இயக்கத்தின் அளவு பெரிதும் மாறியது. “இவன் இயல்பிலேயே மந்தம்” என்று குழந்தையின்மேல் பழி போடுவதற்கு முன், பள்ளி தன் இடத்தையும் நேர அட்டவணையையும் பார்க்க வேண்டும்.

நார்வேயில் இவ்விரு மரபுகளும் நெருங்கிவந்தன. இங்குன் ஃபியோர்டோஃப்ட் 2001இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் பள்ளியை ஒட்டிய காட்டில் விளையாடிய குழந்தைகள், வழக்கமான விளையாட்டுத் திடலையே பயன்படுத்தியவர்களைவிடச் சமநிலையிலும் ஒருங்கிணைந்த அசைவிலும் அதிகம் முன்னேறினர். எலன் சாண்ட்செட்டர் 2007இல் துணிகர விளையாட்டை வகைப்படுத்தினார்: உயரம் ஏறுதல், வேகமாகப் பாய்தல், கத்தி போன்ற கருவிகளைக் கையாளுதல், நெருப்பு, ஆழ்நீர் போன்றவற்றின் அருகே ஆடுதல், கட்டிப்புரண்டு மல்லுக்கட்டுதல், பெரியவர் கண்ணில் படாமல் தொலைந்து திரிதல்.

விளையாட்டு எல்லாவற்றுக்கும் மருந்து என்ற பேச்சுக்கு ஒரு கடிவாளமும் விழுந்தது. ஏஞ்சலின் லில்லார்டு குழுவினர் 2013இல் பாவனை விளையாட்டு பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, அது அறிவையும் படைப்பாற்றலையும் நேரடியாக வளர்க்கிறது என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றனர். 2022இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் செய்த தொகுப்பாய்வில், ஆசிரியர் மென்மையாக வழிகாட்டும் விளையாட்டு, தொடக்கநிலைக் கணிதம் போன்ற சிலவற்றில் நேரடிப் போதனையைவிட நல்ல பலன் தந்தது.

ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை (1989) 31ஆம் பிரிவில் விளையாட்டை உரிமையாக ஏற்றிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. 3, 4 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடலியக்கம், அதில் 60 நிமிடமாவது ஓட்டமும் குதிப்புமாக. திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. கைக்குழந்தை விழித்திருக்கையில் மொத்தம் 30 நிமிடம் குப்புறக் கிடக்க வேண்டும். இவற்றுக்குப் பின்னுள்ள சான்றின் தரம் மிகக் குறைவு என்று அந்த நிறுவனமே மதிப்பிட்டது.

ஆஸ்திரேலியாவின் வுல்லங்காங் பல்கலைக்கழகத்து ஆண்டனி ஓக்லி தலைமையிலான சன்ரைஸ் ஆய்வு, வளரும் நாடுகளிலும் 3, 4 வயதுக் குழந்தைகளின் அசைவையும் தூக்கத்தையும் அளந்துவருகிறது. இங்கே எடுத்துச்சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. கடும் வெயிலில், ஒற்றை அறை அங்கன்வாடியில், முற்றமோ தெருவோ மட்டுமே திடலாக உள்ள குழந்தைகளுக்கு அந்த முடிவுகளை அப்படியே பொருத்திவிட முடியாது. அவர்களிடையே தனியாக ஆய்வு நடந்தாக வேண்டும்.