உடைந்த கண்ணாடிக்குத் தீக்குச்சி

நாரணாபுரத்துக் கடைத்தெருவில் நின்றுகொண்டு, "இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ரோமாபுரியில் தீக்குச்சி விற்றார்கள்" என்று சொன்னால் சிரிப்பார்கள். சிவகாசிக்குத் தீப்பெட்டி வந்தது 1923-ல்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய பிறகு. ஆனாலும் நான் சொல்வது பொய்யல்ல.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த மார்ஷியல் என்ற கவிஞர், டைபர் நதிக்கு அக்கரையிலிருந்து வரும் தெரு வியாபாரி ஒருவனைக் கேலி செய்கிறார். கந்தகம் தோய்த்த குச்சிகளைக் கொடுத்து உடைந்த கண்ணாடியை வாங்கிப் போகிறவன் அவன். பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவரின் மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அந்தக் குச்சி உரசினால் பற்றாது. கங்கில் வைத்தால்தான் பிடிக்கும்.

குச்சி கிடக்கட்டும். உடைசல் எதற்கு? உருக்கினால் மறுபடி பாத்திரமாகும். கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனப் பக்கம் குழல் நுனியில் உருகிய கண்ணாடியை எடுத்து ஊதக் கற்றுக்கொண்டார்கள். அத்தோடு, செல்வர் வீட்டுப் பண்டம் அடுப்படிக்கு இறங்கிவிட்டது. ரோமில் ஒரு செப்புக்காசுக்குக் கிண்ணம் கிடைத்ததாக ஸ்ட்ராபோ எழுதுகிறார். திராட்சை மது குடிக்க, குளிக்கப் போகையில் எண்ணெய் கொண்டுபோக, வாசனைத் தைலத்துக்கு, ஏன், எரித்த சாம்பலை இட்டுப் புதைக்கக்கூட கண்ணாடிதான். பெட்டியில் இடைவெளியின்றி அடுக்கச் சதுரப் புட்டி வேறு. குடிப்பதற்குப் பொன்னையும் வெள்ளியையும் கண்ணாடி விரட்டிவிட்டது என்றார் பிளினி. கி.பி. 79-ல் வெசூவியஸ் வெடித்தபோது அவர் மாண்டார். பாம்பேயி வீடுகளில் கண்ணாடிக் குப்பிகள் சாம்பலுக்கடியில் பத்திரமாக இருந்தன.

இந்தச் சரக்கு நம் கரைக்கும் வந்தது. முசிறியில் இறங்கிய பண்டங்களில் உருக்கிய கண்ணாடிக் கட்டியும் ஒன்று என்கிறது பெரிப்ளூஸ் என்ற கிரேக்க மாலுமிக் குறிப்பு. 1945-ல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் வீலர் தோண்டியபோது, புடைத்த வரிகளுள்ள ரோமக் கிண்ணங்களின் துண்டுகள் கிடைத்தன.

அந்தத் துண்டுகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அதே மேட்டில் குவிந்து கிடந்த மணிகள்மேல்தான் ஆசை. கண்ணாடியை மெல்லிய குழலாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடேற்றி முனையை மழுக்கிய கைகள் ரோமக் கைகளல்ல, நம் கைகள். அவர்கள் பெயரை எழுதிவைக்க ஒரு மார்ஷியல் இல்லை.

நாரணாபுரத்துக்கு அதிக தூரமில்லாத வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரை மேட்டில், 2022-ல் அகழ்வாய்வு தொடங்கியது. சங்கு வளையல்களோடு கண்ணாடி மணிகளும் வந்தன. துளையிலுள்ள மண்ணைத் தட்டிவிட்டால் இன்றைக்கும் நூலில் கோக்கலாம்.