போர்க்கப்பல் வகைப்பாடும் அடையாள எண்களும்

கடற்படைகள் தம் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் பணி, பருமன், ஆயுதம் ஆகியவற்றைப் பார்த்து இனம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் வழங்கும் முறை. இந்தியாவில் இது பிரிட்டிஷ் மரபைத் தழுவியது. 2025 டிசம்பர் 3 அன்று, கடற்படை நாளையொட்டித் திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு முன்னிலையில் கடற்படையின் செயல்விளக்கம் நடந்தது. அத்தகைய நிகழ்ச்சிகளில் கரையில் நிற்பவர்களுக்குக் கப்பலின் பெயர் கண்ணுக்கு எட்டாது. முன்புற விலாவில் பெரிதாக எழுதிய எழுத்தும் எண்ணுமே தெரியும். ‘டி’ என்றால் நாசகாரி, ‘எஃப்’ என்றால் ஃபிரிகேட், ‘ஆர்’ என்றால் விமானந்தாங்கி. ஆனால் கப்பலை அளந்து பார்த்து அதன் எழுத்தைச் சொல்லிவிட முடியாது. விதி மாறினாலோ உடைமை கைமாறினாலோ அதே கப்பல் வேறு இனமாகிவிடுவது நெடுங்கால வழக்கம்.

பீரங்கிக் கணக்கு

பாய்மரக் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பல்களை ஆறு தரங்களாகப் பிரித்தது. 17ஆம் நூற்றாண்டில் உருவாகி, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆன்சன் பிரபு காலத்தில் திருத்தம் பெற்ற ஏற்பாடு இது. நூறும் அதற்கு மேலும் பீரங்கிகள் கொண்டது முதல் தரம். இரண்டாம் தரத்துக்குத் தொண்ணூறு சொச்சம். 64 முதல் 80 வரை உள்ள மூன்றாம் தரமே கடற்போர் அணிவகுப்பின் முதுகெலும்பு. நான்காம் தரத்துக்கு ஐம்பது, அறுபது. ஐந்தாம் தரத்தில் பெரும்பாலானவை வேகமான ஃபிரிகேட்டுகள். ஆறாம் தரம் இருபது முதல் 28 வரை. அதற்கும் கீழே இருந்த சிறு கப்பல்கள் எந்தத் தரத்திலும் சேரவில்லை. இந்தத் தரம் வெறும் பட்டியல் வேலை அல்ல. தளபதியின் சம்பளமும், கப்பலுக்கு ஒதுக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் அதை ஒட்டியே அமைந்தன. தன் கப்பல் ஒரு தரம் ஏறினால் தளபதிக்குக் கூடுதல் காசு.

கணக்கில் ஓர் ஓட்டையும் இருந்தது. கரோனேட் எனப்பட்ட குட்டைப் பீரங்கிகளைக் கப்பல்கள் ஏராளமாக ஏற்றியிருந்தும் அவை எண்ணிக்கையில் சேரவில்லை. 1817இல் அவற்றையும் சேர்க்க உத்தரவு வந்தது. அதுவரை 38 பீரங்கிக் கப்பல் என்று வழங்கிய ஃபிரிகேட், ஒரு பீரங்கிகூடப் புதிதாக ஏறாமலே 46 பீரங்கிக் கப்பல் ஆனது.

அந்த ஆண்டு அக்டோபர் 12 அன்று பம்பாயில் வாடியா குடும்பத்தின் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி கட்டி முடித்துக் கடலில் இறக்கிய எச்எம்எஸ் திரிகோணமலை இந்த வகையைச் சேர்ந்தது. வங்காள விரிகுடாவைப் பார்த்து நிற்கும் ஈழத்துத் துறைமுகத்தின் பெயரை, மேற்குக் கரையின் தேக்கில் கட்டிய கப்பலுக்கு லண்டன் சூட்டியது. இதன் வரைபடங்களைக் கொண்டுவந்த எச்எம்எஸ் ஜாவா 1812 இறுதியில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பலான கான்ஸ்டிடியூஷனிடம் தோற்று அழிந்ததால், இரண்டாம் முறை வரைபடம் அனுப்ப வேண்டி வந்தது. நெப்போலியன் போர் முடிந்தபிறகு பிறந்த கப்பலுக்கு வேலை இல்லை. பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. 1840களில் பீரங்கிகளை 26 ஆகக் குறைத்து, கார்வெட் என்று பெயர் மாற்றி ஆறாம் தரத்தில் சேர்த்தபிறகே உலகக் கடல்களுக்குப் போனது. மரம் அதே மரம், பட்டியலில்தான் இறக்கம். இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அருங்காட்சியகமாக மிதக்கிறது.

இரும்புக் கவசம் வந்ததும் பீரங்கியை எண்ணும் முறை குலைந்தது. 1860இல் நீரில் இறங்கிய எச்எம்எஸ் வாரியர் அன்றைய கப்பல்களில் மிக வலியது. ஆனாலும் முதன்மைப் பீரங்கித் தளம் ஒன்றே என்பதால் ஃபிரிகேட் என்றே அழைத்தார்கள். டார்ப்பிடோப் படகுகளை விரட்ட 1893இல் வந்த எச்எம்எஸ் ஹேவக் சுமார் 275 டன். நாசகாரி இனத்தின் மூதாதை அதுதான். இன்றைய இந்திய நாசகாரியான ஐஎன்எஸ் விசாகப்பட்டினம் (டி 66) 7,400 டன்.

எழுத்துகள் வந்த வழி

தொலைவில் வரும் கப்பல் எது என்று தெரிந்துகொள்ள, அதன் கொடிமரத்தில் ஏறும் அடையாளக் கொடிகளே அக்காலத்தில் துணை. ஒரு கொடி எழுத்தைக் குறிக்கும், மற்றவை எண்ணை. பென்னன்ட் (கொடி) எண் என்ற வழக்கு இதிலிருந்து வந்தது. முதல் உலகப்போரை ஒட்டி இது பிரிட்டிஷ் கடற்படையில் பரவலானது. 1948இல் எழுத்துகளை ஒழுங்குபடுத்தி, கப்பலின் பணிக்கு ஓர் எழுத்து என்று வைத்தார்கள். சுதந்திர இந்தியா அந்த அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டது. போர்க்காலத்தில் ‘யு 46’ என்றிருந்த ஸ்லூப் வகைக் கப்பல் கிஸ்த்னா, ‘எஃப் 46’ என்று ஃபிரிகேட் ஆனது இப்படித்தான்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1920இல் அது கொண்டுவந்த முறையில் டிடி நாசகாரி, சிவி விமானந்தாங்கி, எஸ்எஸ் நீர்மூழ்கி. எண் கட்டும் வரிசையில் ஏறிக்கொண்டே போகும். இந்தியாவிலோ பழைய எண் புதிய கப்பலுக்குத் திரும்ப வரும். அமெரிக்காவின் ட்ரென்டன் (எல்பிடி 14) 2007இல் ஐஎன்எஸ் ஜலாஷ்வா ஆனபோது அதன் விலாவில் ‘எல் 41’ ஏறியது. 14 புரண்டு 41 ஆனதைத் தற்செயல் என்று நம்புவது கடினம்.

இந்திய எண்கள்

விமானந்தாங்கிகளின் எண்ணில் ஓர் அழகு உண்டு. 1961இன் விக்ராந்த் ஆர் 11, விராட் ஆர் 22, விக்ரமாதித்யா ஆர் 33. 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் பணியில் சேர்ந்த புதிய விக்ராந்த், 44 என்று மேலே போகாமல் மூத்ததன் 11ஐயே வாங்கிக்கொண்டது. நீல்கிரியும் அவ்வாறே: 1972இன் கப்பலும் 2025 ஜனவரியில் வந்ததும் எஃப் 33. முன்னது மூவாயிரம் டன்னை ஒட்டியது, பின்னது அதைப் போல் இரு மடங்குக்கும் மேல். புதிய நீல்கிரிக்கும் நாசகாரியான விசாகப்பட்டினத்துக்கும் இடையே நீளத்தில் சுமார் 14 மீட்டர்தான் வேறுபாடு.

பெயர் திரும்பும்போது எழுத்து மாறுவதும் உண்டு. க்ரூசராக இருந்த பழைய மைசூர் சி 60. நாசகாரியாக வந்த புதியது டி 60. 1971 டிசம்பர் 9 அன்று பாகிஸ்தான் நீர்மூழ்கியால் மூழ்கிய குக்ரி, எஃப் 149 என்ற ஃபிரிகேட். 1989இல் அப்பெயரை ஏற்றது பி 49 என்ற கார்வெட். கார்வெட்டுக்குத் தனி எழுத்து இல்லாததால் ரோந்துக் கப்பல்களின் ‘பி’யில் ஒதுங்கியது. துணைக் கப்பல்களுக்கு ‘ஏ’, கடலாய்வுக் கப்பல்களுக்கு ‘ஜே’. கண்ணிவாரிகளுக்கான ‘எம்’, 2019 ஏப்ரலில் ஐஎன்எஸ் கோழிக்கோடு ஓய்வுபெற்றதும் ஆளில்லாமல் போயிற்று. இவ்வளவு நீண்ட கடற்கரையுள்ள நாட்டுக்கு அது சின்னக் குறை அல்ல.

கைமாறும் கப்பல்கள் இனத்தையும் மாற்றிக்கொள்கின்றன. சோவியத் பட்டியலில் ‘பெரிய நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல்’ என்ற இனத்திலிருந்து பிறந்த ராஜ்புத் வரிசை இந்தியாவில் நாசகாரி. விக்ரமாதித்யா 1987இல் பாக்கு என்ற பெயரில் ‘விமானம் சுமக்கும் கனரக க்ரூசர்’ ஆகப் பணியில் சேர்ந்தது. கருங்கடலில் கட்டிய விமானந்தாங்கியைத் துருக்கி ஜலசந்திகள் வழியே கொண்டுபோக 1936இன் மாண்ட்ரூ உடன்படிக்கை இடம் தராததே இந்தப் பெயருக்குக் காரணம். முன்தளத்தின் ஏவுகணைக் குழாய்களைப் பிடுங்கிச் சரிவோடுதளம் அமைத்தபின் 2013இல் அது ஐயத்துக்கு இடமில்லாத விமானந்தாங்கி ஆனது. அமெரிக்காவோ 1975இல் ஒரே உத்தரவில் தன் பெரிய ஃபிரிகேட்டுகள் பலவற்றை க்ரூசர் ஆக்கி, சோவியத் கடற்படையோடு இருந்த எண்ணிக்கை இடைவெளியைக் காகிதத்தில் அடைத்தது. இந்தியாவின் சரயு இலங்கைக்குப் போய்ச் சயுர (பி 620) ஆனது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஷெர்மன் 2018இல் இலங்கைக் கடற்படைக்குக் கைமாறி, பின்னர் கஜபாகு (பி 626) ஆயிற்று.

பெயர்கள்

நாசகாரிகளுக்கு நகரங்கள், ஃபிரிகேட்டுகளுக்கு மலைகள், ஆறுகள், படைக்கலங்கள் என்பது பொதுவழக்கு. கேரளத்திலிருந்து கொச்சி நாசகாரியிலும் (டி 64), ஆலப்புழை, கண்ணூர், கோழிக்கோடு ஆகியவை கண்ணிவாரிகளிலும் ஏறின. தலைநகரான திருவனந்தபுரம் ஏறவில்லை. இம்பாலுக்கே நாசகாரி கிடைத்திருக்கும்போது இது சற்று உறுத்துகிறது. இரண்டாம் உலகப்போரில் அரச இந்தியக் கடற்படையில் எச்எம்ஐஎஸ் திருவிதாங்கூர் என்ற ட்ராலர் வகைக் கப்பல் இருந்தது. இப்பகுதிக்குக் கிடைத்த பங்கு அவ்வளவே.

ஐஎன்எஸ் (இந்தியக் கடற்படைக் கப்பல்) என்ற முன்னொட்டு கரையில் உள்ள தளங்களுக்கும் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 அக்டோபரில் தொடங்கிய ஐஎன்எஸ் கட்டபொம்மன், கடலுக்கடியில் உள்ள நீர்மூழ்கிகளுக்குத் தாழ் அதிர்வெண்ணில் செய்தி அனுப்பும் நிலையம். மிதக்காத கப்பலுக்குப் பென்னன்ட் எண் கிடையாது.

நீர்மூழ்கிகள்

எழுத்து ‘எஸ்’. 1967 டிசம்பர் 8 அன்று பணியில் சேர்ந்த முதல் கல்வரி எஸ் 23. 2017இல் வந்த கல்வரி எஸ் 21. அவ்வரிசையின் ஆறாவதான வாக்‌ஷீர் 2025 ஜனவரியில் சேர்ந்தது. அணுசக்தி நீர்மூழ்கியான அரிஹந்துக்கு வழங்கும் ‘எஸ் 2’ கட்டுமானக் காலத்துக் குறியீடு.