துடைத்தால் துலங்கும் மை, துடைத்தால் அழியும் மை

மை என்பது ஓரெழுத்து ஒருமொழி. கண்ணுக்கு இடுவதும் மை, எழுதுவதும் மை, இருளும் மை, கார்மேகமும் மை. நிகண்டுகள் இச்சொல்லுக்குக் குற்றம், மாசு என்ற பொருள்களையும் தருகின்றன. எழுத்தைத் தாங்குவதற்கும் மாசுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பதன் பொருத்தத்தை, மை மறுபடி நிரப்பிய கார்ட்ரிட்ஜைக் கையில் எடுத்தவர்கள் எளிதில் உணர்வர். தாளில் விழவேண்டிய மை விரலிலும் வேட்டியிலும் மேசையிலும் விழுந்தால் அது மாசு. அதே மை தாளில் விழுந்து சில மழைக்காலங்களில் கரைந்துபோனால் அதை என்னவென்று சொல்வது? அந்தக் கேள்விக்காகவே மையின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க விழைகிறோம்.

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் ஒன்றான திண்ணனூர் நாட்டை இக்கட்டுரைக்கு நிலைக்களமாகக் கொள்கிறோம். காரணங்கள் மூன்று. பழைய மைக்கு மூலப்பொருளான கடுக்காய் இம்மலைக் காடுகளில் விளைவது. இம்மலையை ஆண்ட வல்வில் ஓரி இன்றும் நம் நினைவில் வாழ்வது ஓலையில் தங்கிய எழுத்தினால். புதிய மை கசிவதற்கு இம்மலையின் உயரமே ஒரு காரணமாகிறது. ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஓலையும் கரியும்

ஓலையில் எழுதுவோர் மை தொட்டு எழுதுவதில்லை. எழுத்தாணி ஓலையின் மேல்தோலைக் கீறிச் செல்லும். எழுதி முடித்த ஓலையில் எழுத்து இருக்கும். ஆயினும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. விளக்குக்கரியை எண்ணெயிலோ இலைச்சாற்றிலோ குழைத்து ஓலை முழுவதும் தடவுவர். கோவையிலை, ஊமத்தையிலை, மஞ்சள் ஆகியனவும் இதற்குப் பயன்பட்டன. தடவியபின் துணியால் அழுந்தத் துடைப்பர். மேற்பரப்பில் உள்ள கரி துணியோடு போய்விட, கீறலுக்குள் புகுந்த கரி மட்டும் தங்கி எழுத்து துலங்கும். சிறுவர்க்குச் சுவடி தொடங்கும்போது இவ்வாறு மை பூசித் தருவதை மையாடல் என்று வழங்கினர்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மிகையான மையைத் துடைப்பது இம்முறையில் பிழைதிருத்தமன்று. எழுதும் தொழிலின் கடைசிப் படியே அதுதான். மை மங்கினாலும் இழப்பில்லை. நூறாண்டு கழித்து வேறொருவர் மீண்டும் கரி பூசித் துடைத்தால் எழுத்து மீளும். இக்காலத்தில் சுவடி நூலகங்களில் எலுமிச்சைப்புல் எண்ணெய் கொண்டு ஓலையைத் துடைத்து, தேவையான இடத்தில் கரி ஏற்றுகின்றனர். எழுத்து கீறலில் வாழ, மை அதற்கு வெளிச்சம் காட்டும் துணையாக மட்டுமே நின்றது. மறுபடி மை நிரப்புவதற்கு நம்மிடம் இருந்த முதல் வழக்கம் இதுவே எனலாம்.

புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் 1894இல் அச்சேற்றினார். ஓரியைப் பாடிய பாடல்கள் அதற்குமுன் பல நூற்றாண்டுகள் ஓலையிலிருந்து ஓலைக்குப் படியெடுக்கப்பட்டே வந்தன. செல்லுக்கும் நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் பலியான ஏடுகள் கணக்கற்றவை. எனினும் எஞ்சியவற்றில் மை கரைந்ததால் பாட்டு போயிற்று என்ற நிலை எழவில்லை. கரி நீரில் கரையாது, வெயிலில் வெளிறாது.

கடுக்காயும் அன்னபேதியும்

தாள் பரவியபோது கீறல் போயிற்று. எழுத்தின் முழுப்பொறுப்பும் மையின்மேல் விழுந்தது. அப்போது நம்மவர் கைக்கொண்டவற்றுள் ஒன்று கடுக்காய் மை. கடுக்காய்த் தோலை ஊறவைத்துக் காய்ச்சிய சாற்றில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைச் சேர்த்தால், கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இரும்போடு கூடிக் கருநிறம் தரும். மேலைநாட்டார் ஓக்கு மரத்தில் பூச்சிகள் உண்டாக்கும் புடைப்புகளைக் கொண்டு செய்த மையும் இதே வேதியியல்தான். கலம்காரித் துணியில் கடுக்காய் ஏற்றி, இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கருங்கோடு இழுப்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்த நுட்பமே.

இந்த மை தாளின் இழையோடு பிணைந்துகொள்ளும். நீர் பட்டாலும் எளிதில் போகாது. ஆனால் அதன் அமிலம் நாளடைவில் தாளை அரிக்கும். பழைய தாள்களில் எழுத்து இருந்த இடம் பழுப்பேறிப் பொடிந்து துளையாகியிருப்பதை ஆவணக் காப்பாளர் அறிவர்.

கறை நீக்கும் நம் வீட்டு வைத்தியமும் இம்மையின் காலத்தது. சட்டையில் மை பட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்க்கச் சொன்ன பாட்டிமார் அறியாமையால் சொல்லவில்லை. எலுமிச்சை, புளி ஆகியவற்றின் அமிலங்கள் இரும்பைப் பற்றிக் கரைத்துக்கொண்டு வருவன. இரும்புச் சத்துள்ள நீலக்கருப்பு மைக்கும் அவை ஓரளவு பயன்பட்டன. இன்றைய அச்சுப்பொறி மையில் அந்த இரும்பு இல்லை. அதனால்தான் எலுமிச்சை எவ்வளவு பிழிந்தும் பலன் தருவதில்லை. மை மாறிவிட்டது, மருந்து மாறவில்லை.

கறையையே பயனாக்கிய மை ஒன்றும் நம் நாட்டில் உண்டு. 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலிருந்து வாக்காளர் விரலில் இடப்படும் மையில் வெள்ளி நைட்ரேட்டு உள்ளது. மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. தோலோடு வினைபுரிந்து ஒளியில் கருக்கும் அக்கறையைச் சோப்பும் எண்ணெயும் அசைக்கமாட்டா. அழியாமையும் கறையும் ஒரே பண்பின் இரு பெயர்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

ஊசிமுனையில் பிறந்த அச்சு

மையைத் துளியாக்கித் தெளித்து எழுதும் கருத்து 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கருவியாயிற்று. ஸ்வீடன் நாட்டு எல்ம்குவிஸ்ட் 1951இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மருத்துவப் பதிவுக் கருவிக்கு அது பயன்பட்டது. 1977இல் ஜப்பானின் கேனன் ஆய்வகத்தில், மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட, ஊசிமுனையிலிருந்து மை பீச்சியது. சூட்டில் எழும் குமிழி மையைத் தள்ளும் என்ற உண்மை அங்கே பிடிபட்டது. அமெரிக்காவின் ஹியூலட் பேக்கார்ட் நிறுவனத்தாரும் தனியே இம்முடிவை எட்டி, 1984இல் திங்க்ஜெட் என்னும் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். சிரிஞ்சில் பிறந்த நுட்பத்தைச் சிரிஞ்சாலேயே மக்கள் மறுபடி நிரப்பத் தொடங்கியது வரலாற்றின் ஒரு வேடிக்கை.

பொறியை மலிவாகவும் மையை விலையேற்றியும் விற்ற வணிகமுறை, மறுநிரப்புக் கடைகளை ஊர்தோறும் தோற்றுவித்தது. நிறுவனங்கள் கார்ட்ரிட்ஜில் சில்லு பதித்தும் வழக்குத் தொடுத்தும் தடுக்க முனைந்தன. லெக்ஸ்மார்க் நிறுவனம் இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்னும் சிறு நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், ஒருமுறை விற்ற கார்ட்ரிட்ஜின்மீது காப்புரிமையைக் காட்டி விற்றவர் உரிமை கொண்டாட இயலாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு டோனர் கார்ட்ரிட்ஜ் பற்றியது. கொள்கை மைக்கும் பொருந்தும். இதனிடையே, குழாய் பொருத்தி வெளிக்குப்பியிலிருந்து மை ஊட்டும் பயனர் வழக்கம் ஆசிய நாடுகளில் பரவியிருந்தது. எப்சன் நிறுவனம் 2010இல் இந்தோனேசியாவில் மைத்தொட்டிப் பொறியை அறிமுகம் செய்தது. தெருவில் கண்ட வழக்கம் தொழிற்சாலைப் பொருளாயிற்று.

மலையேறும் மை

இனிக் கசிவுக்கு வருவோம். பெரும்பாலான சிறு கார்ட்ரிட்ஜ்களின் உள்ளே நுண்துளைப் பஞ்சு ஒன்று இருக்கிறது. அது மையை உறிஞ்சிப் பிடித்திருப்பதால்தான் அடியிலுள்ள துளைகள் வழியே மை ஒழுகுவதில்லை. மை குறையக் குறைய, மூடியிலுள்ள நுண்வழியே காற்று உள்ளே வரும். நிரப்புபவர் பஞ்சு கொள்ளும் அளவுக்குமேல் மை ஏற்றினால் பிடிப்பு தளர்ந்து மை சொட்டும். நிரப்பியபின் மூடியின்மேல் நாடா ஒட்டிக் காற்றுவழியை அடைத்துவிடுவது இரண்டாவது தவறு.

இந்த இரண்டாவது தவறு சமவெளியில் பெரும்பாலும் வெளியே தெரியாது, மலையில் தெரியும். கொல்லிமலை கடல்மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்தது. சேந்தமங்கலத்துப் பக்கத்துச் சமவெளியைவிட அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. கீழே நிரப்பி அடைத்த கார்ட்ரிட்ஜ், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வரும்போது, உள்ளே சிறைப்பட்ட காற்று விரிந்து மையைத் துளைகள் வழியே தள்ளும். விமானத்தில் ஊற்றுப்பேனா ஒழுகுவதும் இதனாலேயே. எனவே மலைக்குக் கொண்டுசெல்வதை முழுக்க நிரப்பாமல், காற்றுவழியை அடைக்காமல், துளைப்பக்கத்துக்கு மூடியிட்டு, தனிப் பையில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுசெல்வதே முறை. மேலே சேர்ந்ததும் மெல்லிய தாளின்மேல் சிறிதுநேரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பொறியில் இடவேண்டும்.

துடைக்கும் முறை

பொறிக்குள் கசிந்துவிட்டால் முதலில் மின்னிணைப்பைத் துண்டிக்கவேண்டும். மையைத் தேய்க்காமல் உறிதாளால் ஒற்றி எடுக்கவேண்டும், தேய்த்தால் பரவும். கார்ட்ரிட்ஜின் செப்புத் தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, இழை உதிராத துணியால் துடைக்கலாம். துளைகளுள்ள அடிப்பகுதியை வடிநீர் நனைத்த தாளில் ஒற்றினால் போதும். பொறியின் குறுக்கே ஓடும் ஒளிபுகும் பட்டையில் மை பட்டால் கார்ட்ரிட்ஜ் வண்டி தன் இடமறியாமல் சென்று மோதும். அப்பட்டையை நீர் தொட்ட துணியால் மட்டும் மெதுவாகத் துடைக்கவேண்டும்; ஆல்கஹால் அதிலுள்ள நுண்கோடுகளை அழித்துவிடக்கூடும்.

கையில் பட்ட மைக்குத் தேங்காயெண்ணெயும் சோப்பும் போதும். எஞ்சிய சாயம் தோல் உதிர்வதோடு சில நாளில் போய்விடும். துணியைக் குளிர்ந்த நீரில் அலசவேண்டும். கறை போகுமுன் வெந்நீரோ இஸ்திரியோ கூடாது. தரையில் சிந்திய சாயத்தை நீரில் கலந்த பிளீச்சிங் பவுடர் வெளுக்கச் செய்யும். அதனோடு எலுமிச்சையோ வேறு அமிலமோ சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு எழும் என்பதை மறக்கலாகாது.

பிளீச்சிங் பவுடரும் கைவிடும் கறை ஒன்றுண்டு. அது நிறமிக் கருப்பு. அச்சுப்பொறி மை இருவகைப்படும். சாய மையில் நிறம் நீரில் கரைந்திருக்கும். நிறமி மையில் நுண்துகள்கள் மிதக்கும். கருப்பு நிறமியில் அத்துகள்கள் கார்பனே. ஓலையில் தடவிய விளக்குக்கரியின் நேர் வாரிசு. சாயத்தை வெளுக்கும் வேதிப்பொருள் கரியை ஒன்றும் செய்யாது.

கறை சொல்லும் செய்தி

நாம் சொல்லவந்தது இதுதான். எளிதில் துடைத்தெடுக்க முடிகிற மை, எளிதில் தாளைவிட்டும் போகிற மை. பல கார்ட்ரிட்ஜ்களில் தயாரிப்பாளர் கருப்புக்கு நிறமி மையையும் வண்ணங்களுக்குச் சாய மையையும் இடுகின்றனர். மறுநிரப்பில், நிறமி இருந்த இடத்தில் மலிவான சாயக் கருப்பு புகுந்துவிடுவது உண்டு. அச்சு வெளிவரும்போது இரண்டுக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஈரம் பட்டால் தெரியும். வெயிலில் சில ஆண்டு கிடந்தால் தெரியும்.

திண்ணனூர் நாட்டில் இது ஏட்டுச் சிக்கலன்று. பழங்குடியினர் பட்டியலில் உள்ள மலையாளி மக்கள் வாழும் மண் அது. சாதிச் சான்றிதழ், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி தரும் விண்ணப்பம், கிராமசபைத் தீர்மானப் படி என வாழ்வைத் தீர்மானிக்கும் தாள்கள் பலவும் இன்று ஏதோவொரு அச்சுப்பொறியிலிருந்தே வருகின்றன. மூடுபனியும் இருபருவ மழையும் உள்ள மலையில், கூரையடியில் டிரங்குப் பெட்டிக்குள் அவை தலைமுறை கடக்கவேண்டும். அம்மக்களின் பாட்டையும் வழக்காற்றையும் கேட்டு எழுதும் நம்மைப் போன்றோர் அச்சிட்டுத் திருப்பித் தரும் தாள்களுக்கும் அதே பெட்டிதான். ஓலையில் கீறல் இருந்தது. மை போனாலும் எழுத்து மீண்டது. இத்தாளில் மை போனால் மீட்பதற்கு அடியில் ஒன்றுமில்லை.

மறுநிரப்பு வேண்டாம் என்பதன்று நம் கருத்து. விலை கொடுக்க இயலாதவர்க்கு அது நல்ல வழி. பொருளை வீசியெறியாத நம் பழைய பண்புக்கும் இசைவானது. நிரப்பும் கடையில் ஒரு கேள்வி கேட்டால் போதும்: இது சாயமா, நிறமியா? விடை கிடைக்காவிட்டால் சோதனை எளிது. ஒரு வரி அச்சிட்டு, உலர்ந்தபின் ஈரவிரலால் இழுத்துப் பார்க்கலாம். எழுத்து நின்றால் சான்றிதழுக்கும் ஆவணத்துக்கும் ஆகும். இழுகினால் நாளைய சுற்றறிக்கைக்கு மட்டும் ஆகும்.

கையில் ஒட்டிக்கொண்டு நாலு நாள் போகாத கறையை வைது பயனில்லை. ஓரியின் பெயரை நம் காலம்வரை கொண்டுசேர்த்ததும் அந்தக் கரியின் பிடிவாதமே.