ஜேனி இணைப்பி

ஜேனி இணைப்பி என்பது தொடருந்துப் பெட்டிகள் ஒன்றையொன்று முட்டும்போது தாமாகவே பூட்டிக்கொள்ளும் ஒரு வகைத் தானியங்கி இணைப்பி ஆகும். பெட்டிகளுக்கு இடையே ஆள் நுழையாமலேயே அவற்றை இணைக்கவும், பக்கவாட்டில் நின்றபடி ஒரு நெம்புகோலை உயர்த்திப் பிரிக்கவும் இது வழி செய்கிறது. ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஈலை ஹாமில்டன் ஜேனி 1873ஆம் ஆண்டு ஏப்ரல் 29 அன்று இதற்கான காப்புரிமையைப் பெற்றார். ஆயினும் 1893ஆம் ஆண்டின் பாதுகாப்புக் கருவிகள் சட்டம் தானியங்கி இணைப்பிகளைக் கட்டாயமாக்கிய பின்னரே இது நாடு முழுவதும் நிறைவாகப் பரவியது. கருவி உருவானதற்கும் அது தொழிலாளர் அனைவரையும் சென்றடைந்ததற்கும் இடையே கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்தது. இதன் வழிவந்த இணைப்பிகள் இன்று வட அமெரிக்கா, ஜப்பான், சீனா, ஆஸ்திரேலியா, இந்தியா முதலிய நாடுகளில் பயன்படுகின்றன.

முந்தைய முறை

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கச் சரக்குப் பெட்டிகள் வளையமும் முளையும் கொண்ட எளிய அமைப்பினால் இணைக்கப்பட்டன. ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் உட்குழிவான இரும்புக் கூடு ஒன்று இருக்கும். நீள்வட்ட வடிவ இரும்பு வளையத்தின் ஒரு முனையை ஒரு பெட்டியின் கூட்டிலும் மறுமுனையை அடுத்த பெட்டியின் கூட்டிலும் நுழைத்து, மேலிருந்து செங்குத்தாக இரும்பு முளைகளைச் செருகுவர்.

இவ்வேலையைச் செய்தவர்கள் பிரேக்மேன் எனப்பட்ட தொழிலாளர்கள். நின்றுகொண்டிருக்கும் பெட்டிக்கும் நகர்ந்து வரும் பெட்டிக்கும் இடையே நின்று, வளையத்தைக் கையால் பிடித்து எதிர்க் கூட்டுக்குள் செலுத்த வேண்டும். கூடுகள் மோதுவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். உடனே முளையைச் செருக வேண்டும். கணம் தவறினால் விரல்களோ கையோ நசுங்கும். பெட்டிகளின் கூடுகள் வெவ்வேறு உயரங்களில் இருந்ததாலும், இரவிலும் மழையிலும் பனியிலும் வேலை தொடர்ந்ததாலும் இடர் மேலும் கூடியது. பிரிக்கும்போது நகரும் பெட்டிகளுக்கு இடையே நடந்துகொண்டே முளையை உருவுவதும் வழக்கமாக இருந்தது. தண்டவாளங்கள் பிரியும் இடங்களில் கால் சிக்கிக்கொண்டால் தப்ப வழியில்லை.

1889ஆம் ஆண்டு சூன் மாதத்துடன் முடிந்த ஓராண்டில் அமெரிக்கத் தொடருந்துத் தொழிலாளர்களுள் ஏறத்தாழ 2,000 பேர் விபத்துகளில் இறந்தனர். ஏறத்தாழ 20,000 பேர் காயமடைந்தனர். காயங்களுக்கான முதன்மைக் காரணங்களுள் பெட்டிகளை இணைப்பதும் பிரிப்பதும் அடங்கும். வேலையின் இடரை அறிந்தே தொழிலாளி அதனை ஏற்றுக்கொண்டார் என்ற கோட்பாட்டை அக்கால நீதிமன்றங்கள் பின்பற்றியமையால், காயமுற்றோருக்கு இழப்பீடு கிடைப்பதும் அரிதாக இருந்தது.

உருவாக்கம்

ஈலை ஜேனி (1831–1912) வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் தென் மாநிலக் கூட்டமைப்பின் படையில் பணியாற்றினார். போருக்குப் பின் அலெக்சாந்திரியா நகரில் துணிக்கடை எழுத்தராக வேலை செய்தார். பொறியியல் பயிற்சி பெறாத அவர், ஓய்வு நேரங்களில் மரத்தைச் செதுக்கி இணைப்பியின் மாதிரிகளைச் செய்து பார்த்தார். 1868இல் முதல் காப்புரிமையையும், அதனினும் சிறந்த வடிவத்திற்கு 1873இல் இரண்டாவது காப்புரிமையையும் பெற்றார்.

இயங்கும் முறை

இரண்டு கைகளின் விரல்களை மடக்கி ஒன்றோடொன்று கோத்து இழுத்தால் அவை பிரியாமல் நிற்கும். ஜேனி இணைப்பியின் அடிப்படை இதுவே. இதன் முதன்மை உறுப்புகள் மூன்று:

* தலைப்பகுதி: பெட்டியின் அடிச்சட்டத்துடன் பொருத்தப்பட்ட வார்ப்பு. இதன் ஒரு பக்கத்தில் காவல் கை எனப்படும் நீட்சி உள்ளது. எதிர் இணைப்பியைச் சரியான இடத்திற்கு வழிநடத்துவது இதன் பணி.
* நக்கிள்: செங்குத்தான அச்சாணியில் சுழலும், மடங்கிய விரல் போன்ற உறுப்பு.
* பூட்டு: நக்கிளின் வால்பகுதி திரும்பாதவாறு தடுக்கும் உலோகக் கட்டை.

இணைப்பதற்கு முன் இரு நக்கிள்களில் ஒன்றேனும் திறந்திருக்க வேண்டும். பெட்டிகள் முட்டும்போது எதிர் இணைப்பி திறந்த நக்கிளை உள்நோக்கித் தள்ளுகிறது. நக்கிள் சுழன்று மூடிக்கொண்டதும், பூட்டு தன் எடையாலேயே கீழிறங்கி அதன் வாலைத் தடுத்துவிடுகிறது. இதன் பின் எவ்வளவு இழுத்தாலும் நக்கிள் திறவாது. பிரிப்பதற்குப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள நெம்புகோலை உயர்த்தினால் பூட்டு மேலெழும். பெட்டிகள் விலகும்போது நக்கிள் தானே திறந்துகொள்ளும்.

நவீன வடிவங்களில் நக்கிளே மற்ற உறுப்புகளைவிட வலிமை குறைந்ததாக வடிவமைக்கப்படுகிறது. அளவுக்கு மீறிய இழுவிசை ஏற்பட்டால் முதலில் அதுவே உடையும். தலைப்பகுதியை மாற்ற வேண்டியதில்லை. தொடருந்துப் பணியாளர்களே வழியில் புதிய நக்கிளைப் பொருத்திவிடலாம்.

தரப்படுத்தல்

தானியங்கி இணைப்பிகளுக்கு அக்காலத்தில் ஆயிரக்கணக்கான காப்புரிமைகள் வழங்கப்பட்டிருந்தன. இடர்ப்பாடு கருவி இல்லாமையன்று, பொதுத்தரம் இல்லாமையே. ஒரு நிறுவனத்தின் சரக்குப் பெட்டி பல நிறுவனங்களின் தடங்களில் பயணித்து, அவற்றின் பெட்டிகளோடு இணைய வேண்டியிருந்தது. ஆகவே ஒரு நிறுவனம் மட்டும் புதிய இணைப்பிக்கு மாறினால் செலவு அதற்கு உறுதி, பயனோ உறுதியில்லை.

பெட்டி கட்டுநர் சங்கம் 1885இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பல்வேறு இணைப்பிகளைச் சோதித்தது. 1887இல் ஜேனி வகையைத் தரமாக ஏற்றது. இணைப்பியின் வெளிவடிவக் கோட்டின் மீதான காப்புரிமையை ஜேனி விட்டுக்கொடுத்ததே இதனை இயலச் செய்தது. இதன் விளைவாக எந்த உற்பத்தியாளரும் உட்பொறியைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொண்டு, வெளிவடிவத்தை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ள முடிந்தது.

ஆயினும் மாற்றக் காலத்தில் இடர் நீங்கவில்லை. பழைய பெட்டிகளோடும் இணைவதற்காகத் தொடக்கக்கால நக்கிள்களில் வளையத்திற்கான பிளவும் முளைக்கான துளையும் விடப்பட்டிருந்தன. அவ்வாறு இணைக்கும்போது தொழிலாளி முன்போலவே பெட்டிகளுக்கு இடையே செல்ல வேண்டியிருந்தது.

1893ஆம் ஆண்டுச் சட்டம்

அயோவா மாநிலத்தின் உழவரான லொரென்சோ காஃபின் (1823–1915) தானியங்கி இணைப்பிக்காகவும் காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் பிரேக்குக்காகவும் பல ஆண்டுகள் பரப்புரை செய்தார். பிரேக்மேன் ஒருவர் பெட்டிகளை இணைக்கையில் விரல்களை இழந்ததைக் கண்டதே இப்பணிக்குத் தம்மைத் தூண்டியதாக அவர் கூறியுள்ளார். 1883இல் அயோவா மாநிலத் தொடருந்து ஆணையராக அமர்த்தப்பட்டார். குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன், 1889இல் நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய செய்தியில், தொடருந்துத் தொழிலாளர் எதிர்கொள்ளும் இடரைப் போர்க்களத்தில் படைவீரர் எதிர்கொள்ளும் இடரோடு ஒப்பிட்டார்.

1893ஆம் ஆண்டு மார்ச் 2 அன்று ஹாரிசன் பாதுகாப்புக் கருவிகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலங்களுக்கிடையே இயங்கும் தொடருந்துகளின் பெட்டிகள் முட்டும்போது தானாக இணைய வேண்டும் என்றும், ஆட்கள் பெட்டிகளின் முனைகளுக்கு இடையே செல்லாமலேயே அவற்றைப் பிரிக்க இயல வேண்டும் என்றும் அது விதித்தது. குறிப்பிட்ட ஒரு கண்டுபிடிப்பைச் சட்டம் பெயர் சொல்லிக் கட்டாயமாக்கவில்லை. விதிகளுக்கு மாறான பெட்டியில் தொடர்ந்து வேலை செய்ததாலேயே தொழிலாளி அதன் இடரை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படமாட்டார் என்ற பிரிவும் சேர்க்கப்பட்டது. 1898 சனவரி 1 என்ற காலக்கெடு, நிறுவனங்களின் வேண்டுகோளால் 1900 ஆகத்து வரை நீட்டிக்கப்பட்டது.

ஜான்சன் வழக்கு

1900 ஆகத்து 5 அன்று யூட்டா மாநிலத்தின் பிராமன்டரி என்ற இடத்தில், ஒரு பிரேக்மேன் தொடருந்து இயந்திரத்தை உணவுப் பெட்டியுடன் இணைக்க முயன்றபோது கையை இழந்தார். இயந்திரத்தில் ஜேனி இணைப்பியும் உணவுப் பெட்டியில் மில்லர் கொக்கியும் இருந்தன. இரண்டும் தானியங்கி வகைகளே. எனினும் ஒன்றோடொன்று தாமாக இணையா. ஒவ்வொன்றும் தனித்தனியே தானியங்கியாக இருந்தால் போதும் என்று கீழ் நீதிமன்றங்கள் கருதின. உச்ச நீதிமன்றம் 1904இல் இதனை மறுத்தது. ஆட்கள் இடையே செல்வதைத் தவிர்ப்பதே சட்டத்தின் நோக்கம். ஆகவே இணைப்பிகள் ஒன்றோடொன்று தானாக இணைய வேண்டும் என்றும், இயந்திரமும் சட்டத்தின் பொருளில் ஒரு பெட்டியே என்றும் தீர்ப்பளித்தது.

பிற நாடுகளில்

ஜப்பானிய அரசுத் தொடருந்துத் துறை புதிய இணைப்பிகளைப் பெட்டிகளின் அடியில் முன்கூட்டியே தொங்கவிட்டு ஆயத்தம் செய்தது. 1925 சூலை 17 அன்று ஒன்சூ தீவிலும், சூலை 20 அன்று கியூசூ தீவிலும் ஒரே நாளில் மாற்றம் நிகழ்த்தப்பட்டது. சோவியத் ஒன்றியம் ஜேனி வகைக்கு மாறாக, சுழலும் நக்கிள் இல்லாத எஸ்.ஏ.-3 என்ற இணைப்பியைத் தெரிவு செய்து, 1935இல் தொடங்கிய மாற்றத்தை 1957இல் முடித்தது. மேற்கு ஐரோப்பாவின் பெரும்பாலான சரக்குப் பெட்டிகளில் கையால் முறுக்கும் திருகு இணைப்பியே நீடிக்கிறது. அங்குத் தானியங்கி இணைப்பிக்கான சோதனைகள் 2020களில் நடைபெற்றுள்ளன.

இந்தியாவின் சரக்குப் பெட்டிகளில் நடுத் தாங்கல் இணைப்பி என்னும் நக்கிள் வகை பயன்படுகிறது. சென்னை பெரம்பூரிலுள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் பழைய வடிவப் பயணிகள் பெட்டிகளில் திருகு இணைப்பியும் இரு பக்கத் தாங்கிகளும் உள்ளன. பணியாளர் தாங்கிகளுக்கு அடியில் குனிந்து உட்செல்ல வேண்டும். அத்தொழிற்சாலை 2018இல் இவ்வடிவத்தை நிறுத்தி, நக்கிள் வகை இணைப்பியுள்ள எல்.எச்.பி. பெட்டிகளுக்கு முழுமையாக மாறியது.

வரம்புகள்

ஜேனி இணைப்பி பெட்டிகளை மட்டுமே பிணைக்கிறது. பிரேக்குக்கான காற்றுக் குழாய்களையும் மின்வடங்களையும் பெரும்பாலும் கையாலேயே இணைக்க வேண்டும். வளைவான தடங்களில் இரு தலைகளும் நேராக அமையாவிடில் அவற்றைத் தள்ளிச் சரிசெய்ய வேண்டும். இவ்வேலைகளுக்காகப் பணியாளர்கள் இன்றும் பெட்டிகளுக்கு இடையே செல்கின்றனர். எனவே பெட்டிகள் முழுமையாக நின்று, இனி நகரா என்பது உறுதியான பின்னரே உட்செல்ல வேண்டும் என்ற விதி, தானியங்கி இணைப்பி உள்ள இடங்களிலும் பின்பற்றப்படுகிறது.